தேவதாஸுக்கு எதிரி யார்?

காதலில் தோற்று, தாடி வளர்த்து, கையில் மதுவோடு அமர்ந்திருக்கும் இளைஞனைக் கண்டால் "தேவதாஸ் ஆகிவிட்டான்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். அந்தத் தேவதாஸைக் கெடுத்தது யார் என்று கேட்டால், தந்தையின் பிடிவாதம், குல கௌரவம் என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். கதையை நிதானமாகப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கிறது.

வங்க எழுத்தாளர் சரத் சந்திர சட்டோபாத்யாயவின் இந்த நாவல் 1917-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1953-இல் நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடிப்பில் தமிழிலும் தெலுங்கிலும் படமானது. இந்தியில் 1955-இல் திலீப் குமாரும் 2002-இல் ஷாருக் கானும் தேவதாஸாக நடித்தனர்.

தானே சாத்திய கதவுகள்

ஜமீன்தார் மகன் தேவதாஸும் பக்கத்து வீட்டுப் பார்வதியும் சிறு வயதுத் தோழர்கள். பெண் வீட்டார் சம்பந்தம் பேசியபோது தேவதாஸ் குடும்பத்தினர் மறுத்தனர். அது வெளியிலிருந்து வந்த தடை. அதன் பிறகு நடந்தவற்றில் பெரும்பங்கு அவனுடையதே.

பழிக்கு அஞ்சாமல் நள்ளிரவில் பார்வதி அவன் அறைக்கே வந்து தன்னை ஏற்கும்படி வேண்டினாள். அவன் பெற்றோரை மீறத் துணியவில்லை. கல்கத்தாவுக்குப் போய், அவளை அப்படி நேசித்ததில்லை என்ற பொருளில் கடிதம் எழுதினான். அனுப்பிய பிறகு வருந்தினான். ஊர் திரும்பியபோது தன்மானத்தோடு அவள் மறுத்துப் பேச, தூண்டில் கழியால் அவள் நெற்றியைக் காயப்படுத்தினான். பார்வதி வேறொருவருக்கு, மனைவியை இழந்த, வயதில் மிக மூத்த ஜமீன்தாருக்கு, வாழ்க்கைப்பட்டாள்.

பின்னர் தந்தை இறந்தார், சொத்து கைக்கு வந்தது, தடுக்க ஆளில்லை. குடியை விடும்படி பார்வதி கெஞ்சியும் அவன் வாக்குத் தரவில்லை. என்றாவது ஒருநாள் அவள் வீட்டுக்கு வருவதாக மட்டும் சொன்னான். கல்கத்தா தெருவில் நினைவின்றிக் கிடந்தவனைச் சந்திரமுகி தூக்கிச் சென்று பணிவிடை செய்தாள். உடல் தேறியது, சில காலத்தில் மீண்டும் குடித்தான்.

பெண்களின் துணிவு

இக்கதையில் பெரிய வில்லன் இல்லை. அதே சமூகக் கட்டுப்பாடு பார்வதியையும் நெருக்கியது. அவள் துணிந்து கேட்டாள். மறுக்கப்பட்ட பின் புகுந்த வீட்டின் பொறுப்பைச் சுமந்தாள். கணிகையான சந்திரமுகி தன் தொழிலையே உதறிவிட்டுக் கிராமத்தில் எளிமையாக வாழ்ந்தாள். பணமும் படிப்பும் ஆண் என்ற சுதந்திரமும் பெற்றிருந்த தேவதாஸ்தான் எதையும் செய்யவில்லை. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் தயங்கினான். காலம் கடந்த பின் வருந்தினான். வருத்தத்தை மதுவில் கரைத்தான்.

சாகும் தறுவாயில் ரயிலிலிருந்து இறங்கி, மாட்டுவண்டியில் பார்வதியின் ஊருக்குப் போனான். துணிந்து எடுத்த அந்த ஒரு முடிவும் தாமதமானதே. அவள் வீட்டு வாசலில், அவள் முகத்தைக் காணாமலேயே உயிர் பிரிந்தது.

இத்தகையவனுக்காக இரக்கப்படுங்கள் என்றுதான் கதையின் இறுதியில் ஆசிரியர் வாசகரை வேண்டுகிறார். அவனைப் போல் வாழுங்கள் என்று சொல்லவில்லை. திரையில் கண்டசாலாவின் குரலும் நடிகர்களின் கண்ணீரும் அந்த வேறுபாட்டை நம்மில் பலருக்கு மறக்கடித்துவிட்டன.

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் தோல்வியில் துவண்டு குடிக்கத் தொடங்கினால், "தேவதாஸ்" என்று கேலி பேசிச் சிரிப்பது எளிது. அவனுக்கு இன்னும் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பக்கத்தில் அமர்ந்து எடுத்துச் சொல்வதே உதவி.