வசாய் கோட்டைக்குக் காரா, லோக்கலா?

மும்பையைச் சுற்றி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய வரலாற்று இடங்களுள் பெரும்பாலானவை, அவை எழுந்த காலத்துப் பயணவழிகளை ஒட்டியே அமைந்தவை. வசாய் கோட்டை கழிமுகத்தின் வாயில் நிற்பதும், எலிஃபண்டா குகைகள் துறைமுகத்துக்குள்ளே ஒரு தீவில் குடையப்பட்டதும், கார்லா, பாஜா குகைகள் கொங்கணக் கடற்கரையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் போர் கணவாயை அடுத்து அமைந்ததும் தற்செயலானவை அல்ல. ஆகவே தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் விடுமுறை நாளில் இத்தகைய இடமொன்றுக்குப் புறப்படும்போது, காரா லோக்கல் ரயிலா என்ற கேள்விக்குச் செலவுக் கணக்கை மட்டும் கொண்டு விடை காண்பது போதாது. அந்த இடம் எந்த வழியை நோக்கிக் கட்டப்பட்டது, இன்றைய தண்டவாளமும் சாலையும் அவ்வழியிலிருந்து எவ்வளவு விலகிச் செல்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

வசாய் இதற்கு நல்ல சான்று. குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வசாயையும் மும்பைத் தீவுகளையும் போர்த்துக்கீசியருக்கு விட்டுக்கொடுத்த பின், அது இரண்டு நூற்றாண்டுகள் அவர்களுடைய வடக்கு மாகாணத்தின் தலைமையிடமாக விளங்கி, மதிலுக்குள் தேவாலயங்களும் மடங்களும் மாளிகைகளும் நிறைந்த நகரமாக வளர்ந்தது. பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிம்மாஜி அப்பாவின் தலைமையில் வந்த மராத்தியப் படை, கடும் முற்றுகைக்குப் பிறகு 1739இல் அதைக் கைப்பற்றியது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்புக்குள் தம்மை ஒப்படைத்த 1802ஆம் ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தானதும் இவ்வூரில்தான். கப்பலில் வந்திறங்கியவர்கள் கட்டிய கோட்டையாதலால், அதற்குத் தரை வாசல் ஒன்றும் கடல் வாசல் ஒன்றும் உண்டு. அது தன் முகத்தை நீரை நோக்கியே வைத்திருக்கிறது.

காரில் செல்பவருக்கு இடையூறாவதும் இந்த நீர்தான். பாயந்தருக்கு நேர் எதிர்க்கரையில் கோட்டை இருந்தாலும், மேற்கு விரைவு நெடுஞ்சாலையில் தகிசரைக் கடந்த கார், கழிமுகத்தைத் தாண்டுவதற்குக் கிழக்கே உள்நாட்டுக்குள் சென்று வர்சோவா பாலத்தில் ஏறி, அகமதாபாத் நெடுஞ்சாலையிலிருந்து மீண்டும் மேற்கே திரும்பிக் கடற்கரை வரை வர வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் கார்களுக்குச் சுங்கக் கட்டணம் நீக்கப்பட்டிருப்பது பணத்தை மிச்சப்படுத்துமே தவிர, பாலத்தை ஒட்டிய நெரிசலில் கழியும் நேரத்தைத் திருப்பித் தராது.

ரயில் பாதையோ 1864ஆம் ஆண்டிலேயே கழிமுகத்தின் மேல் நேராகப் பாலமிட்டுக் கடந்துவிட்டது. தாராவிவாசிகள் மாகிமில் மெதுவண்டி ஏறி, அடுத்த நிலையமான பாந்திராவில் விரார் விரைவு வண்டிக்கு மாறலாம். மாட்டுங்காவினருக்குத் தாதர் அருகிலேயே இருக்கிறது. செம்பூரினர் மட்டும் ஹார்பர் பாதையில் குர்லா வந்து, மத்திய ரயில்வேயில் தாதர் சேர்ந்து, அங்கிருந்து மேற்கு ரயில்வேக்கு மாறுவதால் இருமுறை படியேறி இறங்க வேண்டும். தாதரிலிருந்து வசாய் ரோடு நிலையம் விரைவு வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லோக்கல் என்றாலே நெரிசலை அஞ்சுவோர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேலைநாட்களில் காலைக் கூட்டம் விராரிலிருந்து தெற்கே வருகிறது, மாலைக் கூட்டம் வடக்கே திரும்புகிறது, கோட்டை பார்க்கச் செல்பவர் இரு வேளையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்வதால் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நிலையத்திலிருந்து கோட்டை சில கிலோமீட்டர் தள்ளியிருப்பதால், கில்லா பந்தர் செல்லும் மாநகராட்சிப் பேருந்தையோ ரிக்‌ஷாவையோ நாட வேண்டியிருக்கும்.

வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2024இல் வசாய் கோட்டைத் துறைக்கும் பாயந்தருக்கும் இடையே ரோ-ரோ படகு, அதாவது வாகனங்கள் தாமே உருண்டு ஏறி உருண்டு இறங்கக்கூடிய படகு, ஓடத் தொடங்கியது. தரை வாசல் வழியாக நுழைந்து, கூரையிழந்த தேவாலயங்களினூடே நடந்து, கடல் வாசல் பக்கம் வெளியேறி, அப்படகில் கழிமுகத்தைக் கடந்து பாயந்தரில் ரயில் பிடிப்பவர், கோட்டையை அதைக் கட்டியவர்கள் பார்த்த பக்கத்திலிருந்து, நீரின் மேலிருந்து பார்க்கிறார். இக்கோட்டையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை. காரையும் படகில் ஏற்றலாம் என்றாலும் அதற்கு முறை வரும் வரை காத்திருக்க நேரும். மழைக்காலத்தில் படகு ஓடுகிறதா என்று யாராயினும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பொதுப் போக்குவரத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. ஞாயிறுதோறும் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில பாதைகளில் பகல் நேரத்தில் பல மணி நேரம் வண்டிகளை நிறுத்தி, விரைவு வண்டிகளை மெதுபாதைக்குத் திருப்பும் ஏற்பாட்டுக்கு மெகா பிளாக் என்று பெயர். எந்தப் பாதையில் என்பது முன்னதாகவே அறிவிக்கப்படுவதால், அதைப் பார்க்காமல் புறப்படுவது அரை நாளை இழப்பதாகும். முழங்கால் வலியுள்ள பாட்டியும் கைக்குழந்தையும் உடன் வரும் குடும்பத்துக்குத் தாதர் நடைபாலமே பெருஞ்சோதனை. அத்தகையோருக்குக் கார் ஆடம்பரமல்ல, தேவை.

காரில் செல்வோர் கார்லாவைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம். இந்தியாவின் மிகப் பெரிய குடைவரைச் சைத்தியம், அதாவது தூபியை உட்கோடியில் வைத்து வழிபடும் பௌத்தக் கூடம், அங்கேதான் உள்ளது. சயான்–பன்வேல் நெடுஞ்சாலை செம்பூரை ஒட்டியே செல்வதால், அங்கிருந்து புணே விரைவுச்சாலையைக் கார் எளிதில் எட்டிவிடும். 1863இல் போர் கணவாயில் ஏறிய ரயில் பாதையும் பக்கத்தில்தான் செல்கிறது. ஆனால் விரைவு ரயிலில் லோனாவலா சென்று, புணே லோக்கலுக்கு மாறி, மளவ்லியில் இறங்கிய பின், கார்லா பாதைக்கு ஒரு பக்கமும் பாஜா மறுபக்கமுமாக இருப்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நடைவலிமை வேண்டும். கார்லாவின் படிகளை மட்டும் எந்த வண்டியும் குறைத்துவிடாது.

எலிஃபண்டாவுக்கு இந்தக் கேள்வியே எழாது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில்தான் போக வேண்டும். காரை நாள் முழுதும் தென்மும்பையில் நிறுத்த இடம் தேடுவதைவிட, 2025இல் முழுப் பாதையும் திறக்கப்பட்ட மூன்றாம் மெட்ரோவில் தாராவி நிலையத்தில் ஏறி ஹுதாத்மா சௌக்கில் இறங்குவது எளிது. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை.

வசாய்ப் போரின் மும்பைப் பக்கத்தைப் பார்க்கவோ தாராவியினருக்கு எந்த வண்டியும் தேவையில்லை. 1737இல் மராத்தியர் மும்பையை அடுத்த சால்செட் தீவுக்குள் புகுந்தபோது, அடுத்த இலக்கு தாங்கள்தானோ என்று அப்போது மும்பையை ஆண்ட ஆங்கிலேயர் அஞ்சினர். அதே ஆண்டில் ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி கட்டப்பட்டதாகத் தன் மதிலிலுள்ள கல்வெட்டால் அறியப்படும் ரீவா கோட்டை, மித்தி ஆற்றை அடுத்து, காலா கில்லா என்ற பெயரில், பெஸ்ட் பேருந்துப் பணிமனைக்கு அருகில் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கிறது. அதன் பெயரால் அமைந்த நிறுத்தத்தில் அன்றாடம் பேருந்து ஏறுவோரிலும் பலர் அதைப் பார்த்ததில்லை என்பது வருத்தத்துக்குரியது. வசாய்க்குப் புறப்படும் குடும்பம் காலையில் பிள்ளைகளுக்கு முதலில் இதைக் காட்டிவிட்டு மாகிமுக்குச் சென்று ரயிலேறலாம்.