வீட்டில் செய்த பீர் கல்லீரலுக்கு நல்லதா?

எங்கள் கல்லீரல் பிரிவிற்கு வரும் குடும்பங்கள் சில, அண்மைக் காலமாக ஒரு புதிய ஐயத்தை எழுப்புகின்றன. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் மகனிடம் சில மாதம் தங்கப் புறப்படும் தந்தை, அங்கே மகன் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறான், அதில் கெமிக்கல் ஏதும் இல்லை, ஒரு குவளை அருந்தலாமா என்கிறார். உடன் வந்த மனைவியின் அச்சம் வேறு: கள்ளக்குறிச்சியில் நடந்ததுபோல் ஏதும் நேர்ந்துவிடாதா?

மனைவியின் கேள்விக்கு முதலில் விடை கூறுவோம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இரத்தத்தை அமிலமாக்கி உயிரையும் குடிக்கிறது. பீரின் கதை அதுவன்று. நம் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘காய்ச்சுவது’ என்று ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் வருகிறது. சாராயம் காய்ச்சி வடிக்கப்படுவது. பீரோ கள்ளைப்போல நொதித்து உண்டாவது, வடிக்கப்படுவதில்லை. தானியத்தை நொதிக்க வைக்கையில் உண்டாகும் மெத்தனால் மிக மிகச் சொற்பம். ஆகவே அந்த அச்சம் இங்கே தேவையில்லை.

தந்தையின் கேள்விதான் எங்களைக் கவலைகொள்ளச் செய்கிறது.

பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தேவைக்குப் பீர் தயாரிக்க உரிமம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அதற்கு வழி திறந்தது. (தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி எந்த மது தயாரிப்பதும் குற்றம் என்பதை நினைவூட்டிவிடுகிறோம்.) அந்நாடுகளில் விற்கப்படும் கிட்டில் ஹாப்ஸ் சேர்த்த மால்ட் பாகு ஒரு தகர டப்பாவிலும், ஈஸ்ட் ஒரு சிறு பொட்டலத்திலும் இருக்கும். பாகையும் ஏறத்தாழ ஒரு கிலோ சர்க்கரையையும் நீரில் கரைத்து, ஈஸ்ட்டைத் தூவி, மூடிய பிளாஸ்டிக் வாளியில் ஒரு வாரம் போல வைப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். பின்னர் சிறிது சர்க்கரையுடன் புட்டிகளில் அடைத்தால் நுரை பிறக்கும். நொதித்தல் முடியுமுன் அடைத்துவிட்டால் புட்டி வெடித்துக் கண்ணில் கண்ணாடி பாய்வதும் உண்டு.

கெமிக்கல் இல்லை என்பது ஓரளவு உண்மையே. ஆனால் கல்லீரலைக் கெடுப்பது சாயமோ பதப்படுத்தும் பொருளோ அன்று, எத்தனால்தான். ஆலையில் பிறந்ததா, மகனின் சமையலறையில் பிறந்ததா என்று கல்லீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் அசிடால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றியே கழிக்கிறது.

கடைப் புட்டியில் மதுவின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வீட்டுப் புட்டியில் இராது. ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவியால் நொதிக்கும் முன்னும் பின்னும் அடர்த்தியை அளந்தால் கணக்கிடலாம். 1.040 என்று தொடங்கி 1.010இல் நின்றால் மது ஏறத்தாழ 4 விழுக்காடு. சுவைக்காகவோ ‘கிக்’குக்காகவோ மேலும் ஒரு கிலோ சர்க்கரை சேர்த்தால் அது 6 விழுக்காட்டைத் தொடும். நிறமும் நுரையும் முன்போலவே இருப்பதால், அருந்துபவருக்கு அது தெரிவதில்லை.

அளவையும் பாருங்கள். ஒரு கிட் வழக்கமாக 23 லிட்டர் பீர் தரும். லிட்டரை மது விழுக்காட்டால் பெருக்கினால் பிரிட்டிஷ் கணக்கில் அத்தனை ‘யூனிட்’. ஒரு யூனிட் என்பது 8 கிராம் தூய எத்தனால். 5 விழுக்காடு எனில் ஒரே வாளியில் 115 யூனிட். நலமுள்ள ஒருவருக்கே வாரம் 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அந்நாட்டு மருத்துவ அறிவுரை. அப்படியானால் அந்த வாளியைத் தனி ஒருவர் எட்டு வாரத்திற்கும் மேலாக வைத்து அருந்த வேண்டும். எத்தனை வீடுகளில் அது அத்தனை நாள் நிற்கும்?

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்கு எங்கள் விடை ஒன்றே: ஒரு குவளையும் கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி தொற்று உள்ளவர்களுக்கும் அவ்வாறே. மாற்றுக் கல்லீரல் பெற்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடிகட்டாத, பாஸ்டர் முறையில் சூடேற்றாத வீட்டுப் பீரின் அடியில் உயிருள்ள ஈஸ்ட் படிந்திருக்கும்; நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவரிடம் அது தொற்றாக மாறக்கூடும். கீல்வாதத்தில் யூரிக் அமிலம் மிகுந்தவர்களுக்கும் பீர் ஆகாது. கொதிக்கவைத்து மதுவை நீக்கிவிட்டேன் என்று மகன் கூறினாலும் ஏற்க வேண்டாம். ஓரளவு மது எஞ்சியே இருக்கும்.

குடிப்பழக்கத்தினின்று மீண்டு வருபவருக்கு அந்த வாளியின் மணமே சோதனை. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போதே மகனிடம் பேசிவிடுங்கள். தந்தை தங்கும் மாதங்களில் வாளி காலியாக இருக்கட்டும், புட்டிகள் நண்பர் வீட்டிற்குப் போகட்டும். தந்தையை வைத்துக்கொண்டு சொல்வதைவிட, முன்னரே தொலைபேசியில் தனியாகச் சொல்வது அவர் மதிப்பைக் காக்கும்.

அண்மைவரை நாள்தோறும் குடித்துவந்தவர் எனில், பயணத்திற்காகத் தாமாகவே திடீரென நிறுத்த வேண்டாம். கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை சில நாள்களுக்குள் தோன்றலாம். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே எங்களிடம் வாருங்கள். மருந்தின் துணையோடு பாதுகாப்பாக நிறுத்த இயலும். வரும்போது எவ்வளவு அருந்துகிறார் என்பதை ஒளிக்காமல் எழுதிக் கொண்டுவந்தால் போதும்.