குச்சிக்கிழங்குக்கு ஒரு கணக்கு

திருச்செங்கோட்டுப் பக்கம் குச்சிக்கிழங்கு நட்டிருக்கும் நேயர்களே! ஜவ்வரிசி ஆலை பார்ப்பது கிழங்கின் மாவுச்சத்தை. அதற்கான உணவு தயாராவதோ இலையில். மண் காய்ந்தால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். வறட்சி நீண்டால் இலைகளையே உதிர்த்துவிடும். செடி பிழைக்கும், கிழங்கு பெருக்காது.

வெயில், மழை, மண் ஈரம், உரம் என விவரங்களைக் கொடுத்து, செடியின் வளர்ச்சியை நாள்வாரியாகக் கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் பயிர் மாதிரி. திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளிக்கென்றே ‘சிம்காஸ்’ மாதிரியை உருவாக்கியது. வயலிலேயே நின்று வானிலையையும் மண்ணையும் அளந்து, எவ்வளவு நீர், எவ்வளவு உரம் என்று கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ‘இ-கிராப்’ கருவியும் அங்கே பிறந்ததுதான். அருமையான வேலை!

மாவட்ட அளவில் விளைச்சலை மதிப்பிட வேறு வழி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள் படங்களைப் பயிர் மாதிரியோடு இணைத்து நெல் விளைச்சலை மதிப்பிட்டது. ஆனால் மாவட்டச் சராசரி உங்கள் மேட்டாங்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. எந்தக் கணக்குக்கும் உங்கள் மண்ணின் விவரம் வேண்டும். அடுத்த நடவுக்கு முன் மண் பரிசோதனை செய்து, மண்வள அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.