கடைக் கண்ணாடியிலிருந்து மருத்துவமனைச் சுவருக்கு

1965 பிப்ரவரி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘தி ரெஸ்பான்சிவ் ஐ’ கண்காட்சிக்காக லண்டனிலிருந்து வந்து இறங்கினார் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி. வயது 33. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், மேடிசன் அவென்யூ கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் தன் ஓவியக் கோடுகள் கவுன்களாகத் தொங்குவதைக் கண்டார். அவருடைய ஓவியத்தை விலைக்கு வாங்கிய ஆடை உற்பத்தியாளர் ஒருவரே, அவரைக் கேட்காமல் அதைத் துணியில் அச்சடித்திருந்தார். வழக்கறிஞரைப் பார்த்தார் ரைலி. அன்றைய அமெரிக்கச் சட்டம் கைகொடுக்கவில்லை.

கண்காட்சியில் கூட்டம் அலைமோதியது. விமர்சகர்கள் பலரோ வெறும் கண்கட்டு வித்தை என்று ஒதுக்கினார்கள். துணித் திருட்டைவிட இந்தச் சொல்தான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

1961இல் அவர் வரைந்த ‘மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்’ ஓவியத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையும். கட்டங்களின் உயரம் மாறுவதே இல்லை. அகலம் மட்டும் வலப்பக்கம் போகப் போகக் குறுகி, கீற்றாகி, பிறகு மறுபடி விரிகிறது. அவ்வளவுதான். ஆனால் தட்டையான பலகை அந்தக் கீற்றுகளிடம் வந்ததும் மடிந்து பள்ளத்துக்குள் சரிகிறது. அந்தப் பள்ளத்தை அவர் வரையவில்லை; நம் கண் உண்டாக்குகிறது. இது வித்தையல்ல, படிப்பு. 1959இல் பிரெஞ்சு ஓவியர் ஷோராவின் ஓவியம் ஒன்றைப் பார்த்துப் பிரதி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்த நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று உட்கார்ந்து கற்றவர் அவர்.

அவருக்கு முன்பே, 1937இல், வரிக்குதிரைகளை வெறும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாக வரைந்தவர் ஹங்கேரியில் பிறந்த விக்டர் வசரேலி. பாரிஸில் விளம்பர ஓவியராக இருந்த அவர், தன் வடிவங்கள் அச்சேறி எல்லோர் வீட்டுக்கும் போக வேண்டுமென்றே விரும்பினார். ரைலிக்கு அந்த ஆசை இல்லை. தன் படைப்பு எங்கே, எதற்காகப் போகிறது என்பதைத் தானே தீர்மானிக்க நினைத்தார்.

பிற்காலத்தில் அது நடந்தது. 1960களின் பிற்பகுதியில் வண்ணத்துக்கு வந்தார். 1979-80 குளிர்காலத்தில் எகிப்துக்குப் போனவர், கல்லறை ஓவியங்களின் நிறங்களை மனதில் ஏந்தித் திரும்பினார். 1983இல் லிவர்பூல் ராயல் மருத்துவமனையின் நடைவழிச் சுவர்களில் நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக நீளப் பட்டைகள் ஓடின. பின்னர் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையிலும் வரைந்தார். ஒருகாலத்தில் பார்ப்பவருக்குத் தலைசுற்ற வைத்ததாகப் பேசப்பட்ட அதே கை, ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போகிறவரின் கண்ணுக்கு இதமான துணையைக் கொடுத்தது.

2019இல் லண்டன் நேஷனல் கேலரிச் சுவரில் அவருடைய ‘மெசெஞ்சர்ஸ்’ வந்தது. வெள்ளைச் சுவரெங்கும் மங்கிய நிற வட்டங்கள். ஒன்றையே சற்று நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை நகர்த்தினால், நடுவிலுள்ள வெள்ளையில், யாரும் வரையாத வேறு வட்டங்கள் மெல்ல மிதக்கின்றன.