தடுப்புக் கதவுகள் இல்லாத பெர்லின் ரயில் நிலையங்கள்: முத்திரையிட மறந்தால் 60 யூரோ அபராதம்

டெல்லி, சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களின் மெட்ரோ நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையையும் தானியங்கித் தடுப்புக் கதவையும் கடக்காமல் நடைமேடைக்குச் செல்ல முடியாது. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் அப்படியொரு கதவே கிடையாது. சாலையில் நடந்து செல்பவர் படிகளில் இறங்கினால் நேராக நடைமேடையை அடையலாம். வந்து நிற்கும் ரயிலிலும் ஏறிவிடலாம். அவரை யாரும் தடுப்பதில்லை.

முதன்முறையாக அந்நகரில் கால்வைக்கும் பலர் இதைக் கண்டு வியப்படைகின்றனர். சிலர் பயணச்சீட்டு தேவையில்லை என்றே எண்ணிவிடுகின்றனர். ஆனால் பயணச்சீட்டு கட்டாயம். அதை வாங்குவது, உரிய மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பது, முத்திரையிடுவது ஆகிய அனைத்தும் பயணியின் பொறுப்பு. தவறினால் 60 யூரோ அபராதம் விதிக்கப்படுகிறது. 'விதி தெரியாது' என்ற விளக்கம் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.

ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அண்மை ஆண்டுகளில் முதலிடத்தில் உள்ளனர். பணி நிமித்தமாகவும் சுற்றுலாவாகவும் செல்வோரும் ஏராளம். அவர்களுக்கு உதவும் வகையில் பெர்லின் பொதுப் போக்குவரத்தின் அமைப்பையும், அதன் விதிகளையும், அவற்றைச் சுற்றி எழுந்துள்ள விவாதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கு வாகனங்கள், ஒரே சீட்டு

சுமார் 37 லட்சம் மக்கள் வசிக்கும் பெர்லினில் பொதுப் போக்குவரத்து நான்கு வகைப்படும். முதலாவது 'யூ-பான்' எனப்படும் மெட்ரோ ரயில். 1902-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இச்சேவை இன்று 9 வழித்தடங்களில் இயங்குகிறது. பெயரளவில் சுரங்க ரயில் என்றாலும், சில பகுதிகளில் இரும்புத் தூண்கள் தாங்கும் உயர்மட்டப் பாதையில் இது செல்கிறது.

இரண்டாவது 'எஸ்-பான்' எனப்படும் மின்சார ரயில். சென்னையின் புறநகர் மின்சார ரயிலுக்கு ஒப்பானது. நகரின் நடுப்பகுதியைச் சுற்றி வரும் வட்டப்பாதை இதன் தனிச்சிறப்பு. சுமார் 37 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எஸ்41 ரயில்கள் கடிகார முள் செல்லும் திசையிலும், எஸ்42 ரயில்கள் எதிர்த்திசையிலும் செல்கின்றன. வரைபடத்தில் இப்பாதையின் வடிவம் நாயின் தலையை ஒத்திருப்பதால், நகரவாசிகள் அதை 'நாய்த்தலை' என்றே அழைக்கின்றனர்.

மூன்றாவது டிராம், நான்காவது பேருந்து. மெட்ரோ, டிராம், பேருந்து ஆகிய மூன்றையும் 'பிவிஜி' என்ற நகரப் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிறது. எஸ்-பான் ரயில்களை ஜெர்மன் ரயில்வே நிறுவனமான டாய்ச்ச பானின் துணை நிறுவனம் இயக்குகிறது. நடத்துவோர் வேறு வேறு என்றாலும் பயணிக்குச் சீட்டு ஒன்றே. பெர்லினும் அதைச் சூழ்ந்துள்ள பிராண்டன்பர்க் மாநிலமும் இணைந்த போக்குவரத்துக் கூட்டமைப்பு, 1999-ஆம் ஆண்டு முதல் பொதுவான கட்டண முறையைப் பின்பற்றி வருகிறது. பல நிறுவனங்களுக்கு ஒரே சீட்டு என்ற இந்த முறைக்கு வழிகாட்டியது, 1965-இல் ஹாம்பர்க் நகரில் அமைக்கப்பட்ட கூட்டமைப்பு ஆகும்.

ஆகவே, மெட்ரோவில் ஏறி, மின்சார ரயிலுக்கு மாறி, டிராமில் பயணத்தை முடிப்பவர் ஒரே சீட்டில் சென்றுவிடலாம். இடையில் கதவுகள் இல்லாததால், வாகனம் மாறும்போது வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை.

மண்டலங்களை அறிதல்

கட்டணம் ஏ, பி, சி என்ற மூன்று மண்டலங்களின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. வட்டப்பாதையும் அதற்குள் அடங்கிய பகுதியும் ஏ மண்டலம். அங்கிருந்து நகர எல்லை வரை பி மண்டலம். நகரை ஒட்டிய புறப்பகுதிகள் சி மண்டலம்.

நகருக்குள் மட்டும் பயணிப்பவர்களுக்கு ஏபி சீட்டு போதுமானது. 2026 ஜனவரி முதல் இதன் ஒருமுறைப் பயணக் கட்டணம் 4 யூரோ. கட்டணங்கள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

புதிதாக வருவோர் முதலில் தவறு செய்யும் இடம் விமான நிலையம். 2020 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்ட பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே, சி மண்டலத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து நகருக்குள் வர ஏபிசி சீட்டு தேவை. நகருக்குள் தங்கிய நாள்களில் ஏபி சீட்டு எடுத்துப் பழகியவர்கள், ஊர் திரும்பும் நாளிலும் அதையே எடுத்து விமான நிலைய ரயிலில் ஏறிவிடுகின்றனர். சோதனையில் அது செல்லாத சீட்டாகவே கருதப்படும். ஏபி பயண அட்டை வைத்திருப்பவர்கள், சி மண்டலத்துக்கான இணைப்புச் சீட்டை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். அரண்மனைகளுக்குப் பெயர்பெற்ற பாட்ஸ்டாம் நகரமும் சி மண்டலத்தில்தான் உள்ளது.

முத்திரை இல்லாத சீட்டு செல்லாது

இரண்டாவது தவறு முத்திரையிட மறப்பது. நடைமேடை இயந்திரத்தில் வாங்கும் காகிதச் சீட்டு, வாங்கிய உடனே செல்லுபடியாவதில்லை. நடைமேடையில் உள்ள சிறு பெட்டியின் துளையில் அதைச் செருகினால் தேதியும் நேரமும் அச்சாகும். அதன் பிறகே அது பயணச்சீட்டு. இயந்திரத்திலேயே முத்திரையுடன் அச்சாகி வரும் சீட்டுகளும் உண்டு என்பதால், கையில் உள்ள சீட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் செலுத்தி வாங்கிய சீட்டை முத்திரையிடாமல் வைத்திருப்பவரும், சீட்டே வாங்காதவரும் சோதகரின் பார்வையில் ஒன்றே. முத்திரையிடாத சீட்டை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடியும் என்பதே இதற்குக் காரணம்.

கைப்பேசிச் செயலியில் வாங்கும் சீட்டுக்கு முத்திரை தேவையில்லை. ஆனால் வாகனத்தில் ஏறுவதற்கு முன்பே அதை வாங்கிவிட வேண்டும். சோதகரைக் கண்டபின் வாங்கும் சீட்டு ஏற்கப்படாது.

மூன்றாவது, திசை. ஒருமுறைப் பயணச்சீட்டு முத்திரையிட்ட நேரத்திலிருந்து 2 மணி நேரம் செல்லும். இடையில் இறங்கலாம், வாகனம் மாறலாம். ஆனால் அதே சீட்டில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது. அரை மணி நேரத்தில் வேலையை முடித்துத் திரும்பினாலும் புதிய சீட்டு எடுக்க வேண்டும். நாளொன்றுக்குப் பலமுறை பயணிப்போருக்கு 24 மணி நேரச் சீட்டு சிக்கனமானது.

அருகில் செல்வோருக்குக் குறுந்தொலைவுச் சீட்டு உண்டு. மெட்ரோவிலும் மின்சார ரயிலிலும் 3 நிலையங்கள் வரையும், பேருந்திலும் டிராமிலும் 6 நிறுத்தங்கள் வரையும் அதில் செல்லலாம். பேருந்து, டிராம் பயணத்தில் இடையில் வாகனம் மாற அனுமதி இல்லை. 6 வயது நிறைவடையாத குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. பெர்லின் பள்ளி மாணவர்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் நகருக்குள் பயணம் இலவசம். மிதிவண்டியை ரயிலில் ஏற்றிச் செல்ல அதற்கெனத் தனிச் சீட்டு வேண்டும்.

நாடு முழுவதற்கும் ஒரு மாதச் சீட்டு

ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குவோர் பலரும் தேர்ந்தெடுப்பது 'டாய்ச்லாந்து டிக்கெட்'. 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோதனை முறையில் வழங்கப்பட்ட 9 யூரோ மாதச் சீட்டுக்குக் கிடைத்த பெரும் வரவேற்பைத் தொடர்ந்து, 2023 மே 1 அன்று இத்திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 49 யூரோவாக இருந்த மாதக் கட்டணம் 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும், 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்தது.

இச்சீட்டு இருந்தால் ஜெர்மனி முழுவதும் நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில்கள் ஆகியவற்றில் பயணிக்கலாம். மண்டலக் கணக்கு தேவையில்லை. அதிவேக ரயில்களிலும் தொலைதூர விரைவு ரயில்களிலும் இது செல்லாது. மாதத்துக்கு 16 முறை பயணித்தாலே ஒருமுறைச் சீட்டுகளைவிட இது மலிவாகிவிடும். பல பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்குப் பருவக் கட்டணத்துடன் சேர்த்துச் சலுகை விலையில் இது வழங்கப்படுகிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று, இது சந்தா முறையில் வழங்கப்படுகிறது என்பது. மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்தம் செய்யப்படும். மேலும், இது பெயர் குறிக்கப்பட்ட சீட்டு என்பதால் அடையாள ஆவணமும் உடன் இருக்க வேண்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்து சீட்டைக் காட்ட இயலாமல் போனால் அபராதச் சீட்டு எழுதப்படும். எனினும், தன் பெயரில் செல்லத்தக்க சீட்டு இருந்ததை உரிய காலத்துக்குள் காட்டுபவருக்கு அபராதம் 7 யூரோவாகக் குறைக்கப்படுகிறது.

பிரிவினை விட்டுச்சென்ற தடம்

பெர்லின் வரைபடத்தை உற்று நோக்கினால் டிராம் பாதைகள் பெரும்பாலும் நகரின் கிழக்குப் பகுதியிலேயே இருப்பது தெரியவரும். இதற்குக் காரணம் நகரப் பிரிவினை. மேற்கு பெர்லின் நிர்வாகம் டிராம் சேவையைப் படிப்படியாகக் கைவிட்டு, 1967 அக்டோபரில் முற்றிலும் நிறுத்தியது. கிழக்கு பெர்லின் அதைத் தொடர்ந்தது. நகரம் மீண்டும் இணைந்த பிறகு, 1995-இல் போர்ன்ஹோல்மர் சாலைப் பாலத்தின் வழியாக டிராம் மேற்குப் பகுதிக்குத் திரும்பியது. 1989 நவம்பர் 9 இரவு, எல்லைக் கதவு முதலில் திறக்கப்பட்டது இதே பாலத்தில்தான்.

இன்றைய யூ6, யூ8 மெட்ரோ பாதைகளும் அந்த வரலாற்றின் சாட்சிகள். மேற்கிலிருந்து புறப்பட்டு, கிழக்கு பெர்லினின் அடியில் சென்று, மீண்டும் மேற்கை அடையும் பாதைகள் அவை. 1961 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்டபோது கிழக்கின் அடியிலிருந்த நிலையங்கள் அடைக்கப்பட்டன. மங்கிய ஒளியில் காவலர்கள் நின்ற அந்த நடைமேடைகளை மேற்கு பெர்லின் ரயில்கள் நிற்காமல் கடந்து சென்றன. மக்கள் அவற்றைப் 'பேய் நிலையங்கள்' என்றனர். அவற்றில் முதலாவதாக யன்னோவிட்ஸ்புரூக்கே நிலையம் 1989 நவம்பர் 11 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.

அபராதம் சிறைவாசமாக மாறும்போது

கதவுகள் இல்லாத முறையின் மறுபக்கம் சோதனை. சாதாரண உடையில் வரும் சோதகர்கள் ரயில் புறப்பட்டபின் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு சீட்டுகளைப் பார்வையிடுவது வழக்கம். உரிய சீட்டு இல்லாதவருக்கு விதிக்கப்படும் தொகை 2015-இல் 40 யூரோவிலிருந்து 60 யூரோவாக உயர்த்தப்பட்டது. அதைப் பின்னர் வங்கி வழியாகவும் செலுத்தலாம்.

பெரும்பாலானோருக்கு விவகாரம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் சீட்டின்றிப் பயணிப்பது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 265ஏ பிரிவின்கீழ் குற்றமும் ஆகும். 1935-இல், நாஜி ஆட்சிக் காலத்தில் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளிக்கிறது. திரும்பத் திரும்பப் பிடிபடுவோர்மீது போக்குவரத்து நிறுவனங்கள் புகார் அளிக்கக்கூடும். நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தைக் கட்ட இயலாதவர்கள், அதற்கு ஈடாகச் சிறை செல்ல நேரிடுகிறது. வேலையற்றோர், வீடற்றோர், போதைப் பழக்கத்துக்கு ஆளானோர் இவர்களில் அதிகம்.

இந்நிலையை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஆர்னே செம்ஸ்ராட் 2021 டிசம்பரில் 'விடுதலை நிதி' என்ற முயற்சியைத் தொடங்கினார். நன்கொடை திரட்டி, கைதிகளின் அபராதத்தைச் செலுத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இம்முயற்சி விடுவித்துள்ளது. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அபராதத்துக்கு ஈடான சிறை நாள்களைப் பாதியாகக் குறைத்தது. டூசல்டார்ஃப், கொலோன் உள்ளிட்ட நகரங்கள் இத்தகையோர்மீது குற்றவியல் புகார் அளிப்பதில்லை என 2023-இல் முடிவெடுத்தன. இக்குற்றத்தைச் சாதாரண விதிமீறலாக மாற்றும் வரைவை மத்திய நீதித்துறை அமைச்சகம் 2024-இல் முன்வைத்தது. எனினும் அவ்வாண்டு நவம்பரில் கூட்டணி அரசு கவிழ்ந்ததால் அது நிறைவேறவில்லை.

கட்டணம் செலுத்துவோரிடையே நியாயம் நிலைக்கத் தண்டனை தேவை என்பது ஒரு தரப்பின் வாதம். ஒரு பயணச்சீட்டின் விலைக்காக ஒருவரைச் சிறையில் வைத்துப் பராமரிக்க அரசு பன்மடங்கு செலவிடுவது முறையல்ல என்பது மறுதரப்பின் வாதம்.

பயணிகள் கவனத்துக்கு

வார நாள்களில் நள்ளிரவுக்குப் பின் மெட்ரோ சேவை நிறுத்தப்பட்டு, அதே வழித்தடங்களில் 'என்' என்ற எழுத்து தாங்கிய இரவுப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. வெள்ளி, சனி இரவுகளில் பெரும்பாலான மெட்ரோ, மின்சார ரயில் தடங்கள் விடிய விடியச் செயல்படுகின்றன.

தடுப்புக் கதவு உள்ள நகரில் தவறான சீட்டுடன் செல்பவரைக் கதவே நிறுத்திவிடும். அவர் தவற்றைத் திருத்திக்கொள்ளலாம். பெர்லினில் அத்தவறு சோதகர் வந்த பிறகே தெரியவரும். எனவே ரயிலில் ஏறும் முன் மூன்றைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்: செல்லும் இடம் எந்த மண்டலத்தில் உள்ளது, சீட்டில் நேரம் முத்திரையிடப்பட்டுள்ளதா, அதன் 2 மணி நேரம் முடிய இன்னும் எவ்வளவு உள்ளது. நடைமேடையில் இதற்கு ஒரு நிமிடம் போதும்.