ரயில்வே குமாஸ்தா வாங்கிய பண்ணை

1945-ல் ஒரே ஆண்டில் 18 கோல்ப் பந்தயங்களை வென்றவரின் கதை

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் ஒர்த் என்று ஒரு நகரம். அங்கே ஒரு ரயில் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பைல்களை அடுக்கி வைக்கும் குமாஸ்தாவாக ஓர் இளைஞர் வேலை பார்த்தார். பொருளாதார மந்தம் அந்த நாட்டையே ஆட்டிப் படைத்த காலம் அது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. இந்தக் குமாஸ்தாவுக்கும் சீட்டுக் கிழிந்தது.

வேலை போன அந்த இளைஞரின் பெயர் பைரன் நெல்சன். 1945-ல் ஒரே ஆண்டில் 18 கோல்ப் பந்தயங்களில் அவர் வென்றார். அதிலும் 11 பந்தயங்களில் இடைவிடாமல் தொடர்ந்து வெற்றி! பிற்காலத்தில் உலகையே வியக்க வைத்த டைகர் உட்ஸ்கூட 2006-லும் 2007-லுமாகத் தொடர்ந்து 7 பந்தயங்களுக்கு மேல் போக முடியவில்லை. நெல்சனின் கணக்கு இன்றுவரை அப்படியே நிற்கிறது.

ஆனால் சாதனை படைக்க வேண்டும் என்று அவர் மட்டையைக் கையில் எடுக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் நிலமும் சில மாடுகளும்தான்.

பணக்காரர் ஆட்டமா?

கோல்ப் என்றதும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நமக்குத் தோன்றும். பரந்த புல்வெளி, அதில் 18 குழிகள். சிறிய வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். பெரிய பந்தயங்களில் வழக்கமாக நான்கு சுற்றுக்கள், அதாவது 72 குழிகள்.

பந்தயப் பணத்தை நம்பிப் பிழைக்கும் ஆட்டக்காரரின் நிலை வேறு. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஊர் ஊராகப் போகும் செலவும் தங்கும் செலவும் அவருடையது. முன்னணியில் வரும் சிலருக்கே பணம்; மற்றவர்கள் கைக்காசை இழந்து அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான்.

நெல்சன் பிறந்தது 1912-ல், ஒரு பருத்தி விவசாயியின் குடும்பத்தில். 12 வயதில் போர்ட் ஒர்த்தில் உள்ள கிளென் கார்டன் கிளப்பில், ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலைக்குப் போனார். பை சுமக்கும் பையன்கள் அங்கே ஆடக்கூடாது என்பது விதி. நெல்சன் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் போன பிறகு, இருட்டில் குழியின் மேல் தன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து வைத்து, அதைக் குறி பார்த்துப் பந்தை உருட்டிப் பழகினார்.

அதே கிளப்பில் அவருடன் பை சுமந்த இன்னொரு பையன் பென் ஹோகன். 1927-ல் பை சுமக்கும் பையன்களுக்காக நடந்த கிறிஸ்துமஸ் போட்டியில் இருவரும் சமமாக வந்தார்கள். மீண்டும் ஆட வைத்ததில் நெல்சன் ஒரே ஓர் அடியில் வென்றார். அந்த இரண்டு பையன்களும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

75 டாலர்

ரயில்வே வேலை போனபின், 1932-ல் டெக்சார்கானா என்ற ஊரில் ஒரு பந்தயம் நடப்பதாக நெல்சன் கேள்விப்பட்டார். மட்டைப் பையுடன் பஸ் ஏறினார். மூன்றாவதாக வந்தார். பரிசு 75 டாலர். அன்று முதல் கோல்ப்தான் தொழில்.

ஆரம்ப காலம் சுலபமாக இல்லை. 1934-ல் லூயிஸ் என்ற பெண்ணை மணந்தார். பந்தயங்களுக்குப் போக மாமனாரிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய கடனைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். 1937-லும் 1942-லும் மாஸ்டர்ஸ், 1939-ல் அமெரிக்க ஓப்பன், 1940-ல் பி.ஜி.ஏ. என்று பெரிய பட்டங்கள் வந்தன. இருந்தாலும் தம்பதியர் மனத்தில் இருந்தது ஒரே ஆசை. சொந்தமாக ஒரு பண்ணை வாங்க வேண்டும்; அதையும் கடன் இல்லாமல் வாங்க வேண்டும்.

குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகம்

1944-ல் நெல்சன் ஒரு காரியம் செய்தார். ஆடிய ஒவ்வொரு சுற்றையும் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். எந்த அடி சரியாக விழுந்தது, எது தவறியது என்று எல்லாம் பதிவாயிற்று. ஆண்டு முடிவில் புரட்டிப் பார்த்தபோது இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. ஒன்று, குழிக்கு அருகில் வந்தபின் பந்தைத் தூக்கிப் போடும் சிறு அடிகளில் தவறு. மற்றொன்று, கவனக்குறைவு. 1945-ல் இந்த இரண்டையும் ஒழித்துவிடுவது என்று தீர்மானித்தார். பைல் பார்த்த கை அல்லவா!

அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் 3 வெற்றிகள். மார்ச் 11-ந் தேதி மயாமியில், ஹெரால்டு மெக்ஸ்பேடனுடன் ஜோடியாக ஆடிய பந்தயத்தில் தொடங்கியது அந்த 11 வெற்றிகளின் வரிசை. சார்லட் பந்தயத்தில் சாம் ஸ்னீடும் அவரும் சமமாக வந்தார்கள். மேலும் 18 குழிகள் ஆடியும் சமம். மறுபடியும் 18 குழிகள். அதில்தான் நெல்சனுக்கு வெற்றி கிட்டியது. பிலடெல்பியாவில் கடைசிச் சுற்றை 63 அடிகளில் முடித்து மெக்ஸ்பேடனைப் பின்னுக்குத் தள்ளினார்.

ஒருவருக்கு எதிராக ஒருவர் மோதும் முறையில் நடந்த பி.ஜி.ஏ. பந்தயத்தில் தோல்வி வாசல் வரை வந்தது. மைக் டர்னீசா என்பவருடன் ஆடுகையில், 4 குழிகளே மிச்சமிருக்க, நெல்சன் 2 குழிகள் பின்தங்கி இருந்தார். அங்கிருந்து மீண்டு அந்த ஆட்டத்தையும், பிறகு பட்டத்தையும் வென்றார். ஆகஸ்டு 4-ந் தேதி கனடா ஓப்பன் பந்தயத்துடன் வெற்றிகள் 11 ஆயின.

நாட்கள் செல்லச் செல்ல, வெற்றியே பாரமாகிவிட்டது. ஆட்டத்துக்கு முன் அவருக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வருவது உண்டு. ஒருநாள் காலை மனைவியிடம், இன்று மோசமாக ஆடித் தோற்றால் இந்தத் தொல்லை விடும் என்று அலுத்துக்கொண்டாராம். மாலையில் திரும்பி வந்தவரை, மோசமாக ஆடினீர்களா என்று லூயிஸ் கேட்டார். ஆமாம், 66 என்று பதில் வந்தது. 66 அடிகள் என்பது மிகச் சிறந்த ஆட்டம்! அந்த மாதமே மெம்பிஸ் பந்தயத்தில் பிரெட் ஹாஸ் என்ற, பணத்துக்காக ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரர் வென்று, வரிசையை முடித்து வைத்தார்.

இத்தனை வெற்றிகளும் நெல்சனுக்கு எண்ணிக்கையாகத் தெரியவில்லை. இந்தப் பந்தயத்தில் ஜெயித்தால் இன்னொரு பசு, அடுத்ததில் ஜெயித்தால் இன்னும் ஓர் ஏக்கர் என்றுதான் அவர் கணக்குப் போட்டார். போர்க்காலம் ஆனதால் பரிசும் ரொக்கமாக வரவில்லை. யுத்தக் கடன் பத்திரங்களாக வந்தது. ஆண்டு முழுவதும் சேர்ந்தது 63,335 டாலர்.

சந்தேகப்பட்டவர்கள்

நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ராணுவத்தில் இருந்தபோது ஜெயித்ததில் என்ன பெருமை என்று கேட்டவர்களும் உண்டு. ரத்தம் எளிதில் உறையாத கோளாறு இருந்ததால் நெல்சனை ராணுவத்தில் சேர்க்கவில்லை. அதனால் அவரும் மெக்ஸ்பேடனும் செஞ்சிலுவைச் சங்கம் முதலியவற்றின் நிதிக்காகப் பல காட்சி ஆட்டங்கள் ஆடிக் கொடுத்தார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் ஸ்னீடு அந்த ஆண்டு களத்தில் இருந்தார். ராணுவப் பணி முடித்து வந்த ஹோகனும் பந்தயங்களில் ஆடினார். போர்ட்லாந்தில் ஹோகன் 72 குழிகளை 261 அடிகளில் முடித்துச் சாதனை படைத்தார். நெல்சன் 14 அடிகள் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். இரண்டே வாரத்தில் சியாட்டிலில் நெல்சன் 259 அடிகளில் முடித்து அதை முறியடித்தார்.

எதிராளி யாராக இருந்தாலும் குழியின் அளவு மாறாது. அந்த ஆண்டு ஒரு சுற்றுக்கு நெல்சனின் சராசரி 68.33 அடிகள். அதைத் தாண்ட 2000-ல் டைகர் உட்ஸ் வரவேண்டியிருந்தது.

ஆண்டின் 18-வது வெற்றி டிசம்பரில் கிடைத்தது. எங்கே தெரியுமா? கைக்குட்டையை விரித்து இருட்டில் பழகிய அதே கிளென் கார்டனில்!

போதும் என்ற மனம்

1946-ல் போர்ட் ஒர்த்துக்கு அருகே ரோனோக் என்ற ஊரில் 600 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணையை நெல்சன் தம்பதியர் வாங்கினார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில், அவருடைய பை சுமந்தவரின் கால் தவறுதலாகப் பந்தில் பட்டது. அதற்காக ஓர் அடி தண்டனை. முடிவில் மூவர் சமமாக வந்து, மறு ஆட்டத்தில் பட்டம் கை நழுவியது.

இன்னும் ஓர் ஆண்டு ஆடிப் பார்ப்போம் என்று வேறு யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். 34 வயதுதான், உடம்பில் தெம்பும் இருந்தது. ஆனால் நெல்சன் முழுநேரப் பந்தய வாழ்க்கையை அந்த ஆண்டே விட்டார். மாடு வளர்க்கப் போய்விட்டார். பிறகு எப்போதாவது சில பந்தயங்களில் ஆடினார். இளைய ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். கோல்ப் மட்டைகளைச் சோதிக்க ஓர் இயந்திரம் செய்தபோது, அவருடைய வீச்சையே மாதிரியாக வைத்தார்கள். 1968 முதல் டல்லாஸ் பந்தயத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

பிழைப்புக்காக ஊர் ஊராக அலைந்து, ஒரு துண்டு நிலத்துக்காகக் காசு சேர்ப்பவர்களுக்கு நெல்சனின் கணக்குப் புரியாமல் போகாது. நிலம் வாங்கியபின் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப் போடுகிறவர்களே அதிகம். குறித்த தொகை சேர்ந்த அன்று நோட்டுப் புத்தகத்தை மூடியவர் அவர்.

ரோனோக் பண்ணையில் நெல்சன் 60 ஆண்டுகள் வாழ்ந்தார். 2006 செப்டம்பர் 26-ந் தேதி, 94-வது வயதில், தாம் ஆடிச் சம்பாதித்த அந்த வீட்டிலேயே காலமானார்.