வைட்ஃபீல்ட்: குடியேறியோர் கட்டிய ஊர்

பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் எதிர்காலத்திற்காகவும் சொந்த ஊரை விட்டு வைட்ஃபீல்டுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இவ்வூரே குடியேறியவர்களால் உருவானது என்பதை அறிவீர்களா?

1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், ஆங்கிலோ இந்தியர் சங்கத்திற்கு ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். சங்கத்தை நடத்திய டேவிட் ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்தது. அம்மக்கள் பயிர்த்தொழில் செய்து சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்பதே நோக்கம். வட்டமாக வீடுகள் அமைந்த பகுதி இன்றும் 'இன்னர் சர்க்கிள்' எனப்படுகிறது. அவர்கள் காலத்து மெமோரியல் ஆலயமும் நிற்கிறது. ஆனால் 1947க்குப் பின் அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர்.

அமைதியான அச்சிற்றூரை 1990களில் தகவல் தொழில்நுட்பம் மாற்றியது. இந்திய, சிங்கப்பூர் ஒத்துழைப்பில் எழுந்த தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி நிறுவனங்கள் பெருகின. பொறியாளருக்கு மட்டுமல்ல, கட்டடத் தொழிலாளர், ஓட்டுநர், காவலாளி, வீட்டுவேலை செய்யும் சகோதரிகள் அனைவருக்கும் இங்கே வேலை கிடைத்தது. 2001இல் திறக்கப்பட்ட சத்ய சாயி உயர் சிறப்பு மருத்துவமனை இருதய, நரம்பியல் நோயாளிகளுக்கு இலவச சிகிச்சை அளிக்கிறது. 2023இல் மெட்ரோ ரயிலும் வந்தது.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. கழிவுநீர் கலந்த வர்த்தூர் ஏரி நுரைத்துச் சாலைவரை பொங்கியதைக் கண்டோம். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். வாடகைக்கு வீடு பார்ப்போர் முதலில் தண்ணீர் வசதியை விசாரிப்பது நலம்.

பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் அருகிலேயே உள்ளன. எனினும் வேலைத்தளம் மாறுந்தோறும் இடம்பெயரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம், வயதுச் சான்று இல்லை என்ற காரணங்களுக்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாகாது. இதை அறியாமல் பிள்ளையை வீட்டில் நிறுத்தியிருக்கும் பெற்றோர் தங்கள் தெருவில் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்லுங்கள், பள்ளிவரை உடன் செல்லுங்கள்.

வீட்டில் தமிழ் வாழட்டும். கன்னடத்தையும் பிள்ளைகள் ஆர்வமாய்க் கற்கட்டும். நமக்கு இடமளித்த ஊர் இது. அதன் நீரையும் பிள்ளைகளையும் காப்பது நம் கடமையும் அல்லவா?